கண்ணில் கொஞ்சம் மஞ்சள்

ஜஹானாவுக்கு நாத்தனார் ஹபீலாவைக் கண்டால் வயிறு எரியும். ஹபீலா கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. அம்பிட்டியவில் புருஷன் பிள்ளைகளோடு இருந்துகொண்டே, குண்டசாலையில் இருக்கும் தன் அண்ணன் பஹ்மி என்ன தின்றான், எப்போது தூங்கினான் என்று தினமும் போனில் விசாரிப்பாள். கண்டி மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் பஹ்மியும் லேசுப்பட்டவன் இல்லை. பெண்டாட்டி கேட்டால் "ம்" என்பதோடு சரி. தங்கச்சி போன் எடுத்தால் சோறு ஆறிப்போகும் வரை பேசுவான்.

நோன்பின் கடைசி நாட்களில் பஹ்மியின் கண் மஞ்சளித்தது. முதலில் கண்டது ஜஹானா இல்லை, நோன்பு திறக்க வந்திருந்த ஹபீலா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனின் கண்ணைப் பார்க்காதவள் என்று ஆகிவிட்டதே என ஜஹானா வெந்துபோனாள்.

மஞ்சள் காமாலையோ என்று இரத்தம் சோதித்தார்கள். பிலிருபின் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"செங்கமாரிதான். எண்ணெய்ச் சாப்பாட்டுல ஈரல் பழுதாப் பெய்த்து," என்றாள் ஹபீலா. "நான் ஒங்கள ஒன்டும் சொல்லல்ல மதினி."

சொல்லாமல் சொல்லிவிட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து பொரித்துக் கொட்டிய ரோல்ஸும் கட்லட்டும் ஜஹானாவின் கண்முன் வந்து நின்றன. நான் ஆக்கிப் போட்டதாலா இவருடைய ஈரல் போனது என்ற பயம் அவளைத் தின்றது. போதாக்குறைக்குச் சமையலறையும் கைமாறியது. ஹபீலா காலையிலேயே த்ரீவீலரில் வந்து இறங்குவாள், ஒரு கையில் கீழ்க்காய்நெல்லிச் சாறு, மறு கையில் உப்பில்லாத கஞ்சி. பெருநாளன்றே பத்தியம் ஆரம்பம். ஜஹானா ஆக்கிய புரியாணி மூடியபடி கிடக்க, பஹ்மி அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தான். ஜஹானாவின் தேத்தண்ணீரில் சீனி குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதன்.

இரண்டாம் தரம் சோதித்தபோது பிலிருபின் இன்னும் ஏறியிருந்தது. பதறிப்போய் மூவருமாக டாக்டர் ஜனார்த்தனனிடம் போனார்கள்.

"என்ன சாப்பிடுறனீங்கள்?" என்றார் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர்.

ஹபீலா முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னாள். காலையில் சாறு, பகலில் கஞ்சி, இரவில் ஒன்றுமில்லை.

"அப்ப ஏறத்தானே செய்யும். பழைய இரத்த அணுக்கள் உடையேக்க வாற மஞ்சள்தான் பிலிருபின். ஈரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியில அனுப்பும். ஈரல் பழுதெண்டால் இந்த ரிப்போர்ட்டில மற்ற எண்களும் ஏறும். இவருக்கு அதெல்லாம் சரி. பக்குவப்படாத மஞ்சள் மட்டும்தான் கூடியிருக்கு. சில பேருக்குப் பிறப்பிலயே ஈரல் இந்த வேலையைக் கொஞ்சம் ஆறுதலா, மெதுவாச் செய்யும். பட்டினி கிடந்தா இன்னும் கூடும். நோன்பிலயும் அதுதான் நடந்திருக்கு. இது நோய் வருத்தமில்லை. வயிறாரச் சாப்பிடுங்கோ."

ஜஹானாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. எண்ணெயும் இல்லை, ரோல்ஸும் இல்லை. ஏற்றிவிட்டது நாத்தனாரின் பத்தியம். ஹபீலாவின் முகம் போன போக்கை அவள் ஆற அமரப் பார்த்தாள்.

டாக்டர் அத்தோடு விட்டிருக்கலாம்.

"இது குடும்பத்தில வாறது," என்று ஹபீலாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சியோ? கண்ணைக் காட்டுங்கோ. உங்களுக்கும் இருக்கும்போல. சோதிச்சால் தெரியும்."

சோதித்தார்கள். இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனும் தங்கையும் ஒருவர் இமையை ஒருவர் இழுத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உம்மாட கண்ணும் இப்பிடித்தானே நானா," என்று அண்ணனைக் கேட்டாள் ஹபீலா.

"ஓ, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஈரல்," என்றான் பஹ்மி.

த்ரீவீலரின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் ஜஹானா. வென்றது அவள், கொண்டாட்டம் அவர்களுக்கு.

சில நாள் கழித்து, பஹ்மி கடைக்குப் போன பிறகு, யாருக்கும் சொல்லாமல் அவள் இரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனாள். இரவும் சாப்பிடவில்லை, காலையிலும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. தனக்கும் அந்த மஞ்சள் ஏறட்டும் என்றுதான்.

மாலையில் அங்கிருந்த பெண் அறிக்கையைச் சிரித்த முகத்தோடு நீட்டினாள்.

"எல்லாம் நோர்மல் மிஸ். பயப்பட ஒன்னுமே இல்ல."

ஜஹானா அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.