தலைகீழாகப் போன ப்ளக்

சித்தி யாரோடாவது மோதுவதென்று முடிவு செய்துவிட்டால் அன்று காலையில் தலைக்குக் குளிப்பாள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் குளியலறையிலிருந்து சீயக்காய் வாசனை வந்தால், அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு யார் என்று அம்மாவைக் கண்ணாலேயே கேட்பார். அம்மா தெரியாது என்று உதட்டைப் பிதுக்குவாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஹைதராபாத்தின் ஓரத்தில், மத்திய அரசின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே கணக்குப் பிரிவில் வேலை. சித்தி அம்மாவின் தங்கை. பாளையங்கோட்டையில் வளர்ந்து, என்ஜினியரிங் படித்து முடித்து, அதே தொழிற்சாலையின் டிசைன் செக்‌ஷனில் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அப்பாவும் அவளும் ஒரே பஸ்ஸில் போனாலும் தள்ளித் தள்ளித்தான் உட்காருவார்கள். மைத்துனியின் சண்டைகளில் தனக்குப் பங்கில்லை என்று அப்பா ஊருக்கு அறிவித்துக்கொண்ட விதம் அது.

சித்தியின் வேலை கனெக்டர் வரைவது. ஒரு கருவியிலிருந்து வருகிற கம்பிகளை இன்னொரு கருவியோடு சேர்ப்பதற்கு, பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ப்ளக், அவற்றை வாங்கிக்கொள்ள ஒரு சாக்கெட். இதில் வரைய என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம் அவள் இரண்டாம் முறை பேசியதில்லை. தேறாமல் ஒதுக்கப்பட்டவற்றைக் கேட்டு வாங்கி எனக்குக் கொண்டுவருவாள். என் பொம்மைகள் சாக்கெட்டில் படுத்துத் தூங்கி, பின்களால் தலை வாரிக்கொண்டு வளர்ந்தன. எனக்கு எட்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டதற்குத் தெலுங்கிலோ, தெருவில் பிடித்த உருதுவிலோ பதில் சொல்லிக்கொண்டிருந்த வயது. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம்.

அந்த வருஷம் தொழிற்சாலையில் ஒரு புது ப்ளக் வந்திருந்தது. நீளவாக்கில், இரண்டு வரிசைப் பின்கள். சரியாகப் போய் உட்காருவதற்காக இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடித்த பின். அந்த இரண்டும் ஒரே பருமன். அதனால் ப்ளக்கை நேராகவும் செருகலாம், திருப்பிப் பிடித்துத் தலைகீழாகவும் செருகலாம். தலைகீழாகப் போனால் மின்சாரம் போகக்கூடாத கம்பியில் போகும். இதற்குப் பரிகாரமாக ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளியைப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைப் பிரிவில் சலீம் என்று ஓர் இளைஞர், டெக்னீஷியன். சார்மினார் பக்கத்துப் பழைய நகரத்துக்காரர், உருது பேசுகிறவர். அவர் ஒரு நாள் புள்ளியைப் பார்க்காமல் போட்டுவிட்டார் என்றார்கள். விலை உயர்ந்த கருவி ஒன்று எரிந்து, அவருடைய வலது உள்ளங்கையும் வெந்தது. அஜாக்கிரதை என்று அவரை சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்தார்கள்.

இதெல்லாம் எனக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலிருந்து அரைகுறையாகத் தெரியும். சித்தி ஒரு ஓரத்துப் பின்னைக் குண்டாகவும் மற்றதை ஒல்லியாகவும் வரைந்து, இப்படிச் செய்தால் தலைகீழாகப் போகவே போகாது என்று தன் மேனேஜரிடம் கொடுத்திருந்தாள். அவர் அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வெளிநாட்டுக்காரன் கொடுத்த டிராயிங்கில் நாம் கை வைக்கலாமா, அச்செல்லாம் வார்த்தாகிவிட்டதே என்று நயமாகத்தான் சொன்னாராம். அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. வடிவத்தை மாற்றினால், கோளாறு வடிவத்தில்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு சலீமை எதைச் சொல்லி வெளியே அனுப்புவது?

"சாவி தலைகீழா உள்ள போயிட்டுன்னா அது யாரு தப்பு அத்தான்? திறந்தவன் தப்பா, பூட்டு செஞ்சவன் தப்பா?" என்று சித்தி ஒரு நாள் அப்பாவைக் கேட்டாள். அப்பா மோரை ஊற்றச் சொன்னார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மெட்ராஸ்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா போடும் காப்பியைப் புகழ்ந்துகொண்டே இரண்டாவது டம்ளரும் குடிப்பார். எனக்கு ஒரு முறை மெழுகுப் பென்சில் பெட்டி வாங்கி வந்திருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். எந்திரங்களுக்கெல்லாம் மாலை, வாசலில் பூசணிக்காய், எல்லோருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் பூந்தி. அந்த வருஷம் பட்டாளத்து அதிகாரி ஒருவரும் வருகிறார் என்றார்கள். பேகம்பேட்டில் விமானம் இறங்கி நேராக இங்கே. அந்தக் கனெக்டர்களை வாங்கப்போவது அவருடைய ஆட்கள்தான். அவர் கண்ணுக்கு அழகாக ஏதாவது செய்து வையுங்கள் என்று மேனேஜர் சித்தியிடம் சொல்லியிருந்தார். சித்தி ஒரு பலகையில் டார்ச் பல்புகளைக் கோத்துச் சார்மினார் செய்திருந்தாள். ப்ளக்கைச் செருகினால் நான்கு மினார்களும் எரியும்.

அன்று காலை வீடு முழுக்கச் சீயக்காய் வாசனை.

அதிகாரி உயரமாக, மீசையோடு, கையில் தொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பெரிய மனிதர்களின் கூட்டம். மேனேஜர் ப்ளக்கைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். எவ்வளவு சுலபம் என்றால், ஒரு குழந்தைகூட இதைப் போட்டுவிடும் என்றார். சித்தி அந்த வாக்கியத்துக்காகவே காத்திருந்தவள் போல, அப்படியானால் ஒரு குழந்தையே போட்டுப் பார்க்கட்டுமே என்றாள். அதிகாரி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"ஏட்டி, இங்க வா" என்றாள் சித்தி.

பூந்திக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனேன். கனெக்டர் என்றால் என்ன என்று அங்கிருந்த பிள்ளைகளில் எனக்குத்தானே தெரியும்? சித்தி பின்னால் நின்று ஒரு கையால் என் கண்ணைப் பொத்தினாள். இதை மாட்டுகிறவர்கள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தடவித் தடவித்தான் மாட்டுவார்கள், அங்கே எந்தப் புள்ளியும் தெரியாது, அதனால்தான் இப்படி என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் ஆமாம் என்றார். என் கையில் ப்ளக் வந்தது. தடவிப் பார்த்துச் செருகினேன். கைதட்டினார்கள். விரலிடுக்கு வழியாகச் சார்மினார் எரிவது மங்கலாகத் தெரிந்தது. மேனேஜர் மாமா என் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னொருக்கா போடு" என்றாள் சித்தி.

ப்ளக்கை உருவி மறுபடி என் கையில் வைத்தாள். நான் முன்னைவிட வேகமாகச் செருகினேன். முன்னைப் போலவே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டப் என்று ஒரு சத்தம். ரப்பர் கருகுகிற நாற்றம். சித்தி கையை எடுத்தாள். சார்மினார் இருண்டு கிடந்தது. பலகையின் மூலையில் மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேனேஜர் சித்தியின் பக்கம் குனிந்து, அதிகாரிக்குப் புரியக்கூடாதென்று தமிழில் சொன்னார்: "நீங்க தலைகீழாத் திருப்பிக் கையில குடுத்தீங்க. நான் பாத்தேன்."

சித்தி அதிகாரிக்குப் புரிய வேண்டுமென்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. ஆமாம், திருப்பித்தான் கொடுத்தேன், திருப்பிக் கொடுத்தது ஏன் உள்ளே போயிற்று?

சித்தி தன் கைப்பையைத் திறந்து, டூல் ரூமில் சொல்லிச் செய்துவைத்திருந்த இன்னொரு ப்ளக்கையும் சாக்கெட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு பின் குண்டு, ஒரு பின் ஒல்லி. அதிகாரி அதைத் திருப்பிப் பிடித்துச் செருகிப் பார்த்தார். போகவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மேஜை நகர்ந்ததே தவிர அது உள்ளே போகவில்லை. நேராகப் பிடித்ததும் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மேஜைக்கு நடந்தார். பெரிய மனிதர்கள் பின்னால் ஓடினார்கள்.

அவர்கள் மறைந்ததும் அப்பா கூட்டத்திலிருந்து வந்தார். இத்தனை வருஷத்தில் தொழிற்சாலைக்குள் அவர் சித்தியின் பக்கத்தில் வந்து நின்றது அன்றைக்குத்தான். ஆனால் அவளிடம் பேசவில்லை. என் தோளைப் பிடித்து மேனேஜருக்கு எதிரே நிறுத்தி, மாமாவிடம் சாரி சொல் என்றார். மேனேஜர், குழந்தையை விடுங்கள் என்றாரே தவிர அங்கிருந்து நகரவில்லை. சாரி வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றிருந்தார்.

பல்பைக் கருக்கியது நான்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால், போடு என்றார்கள், போட்டேன். கண்ணைப் பொத்தியதும் அவர்கள், கையில் கொடுத்ததும் அவர்கள். இதில் சாரி எங்கிருந்து வருகிறது? நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நக்கோ" என்றேன். தெரு உருதுவில் மாட்டேன் என்று அர்த்தம்.

அப்பா என் காதைத் திருகினார். திருகியபடியே மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் நக்கோதான். சித்தி வந்து அவர் கையை விலக்கினாள். "அவ எதுக்கு அத்தான் சாரி சொல்லணும்? இங்க சொல்ல வேண்டியவங்க வேற ஆளு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட எந்திரங்களுக்கு நடுவே வாசல்வரை நிதானமாக நடந்தாள். நானும் அவளைப் போலவே தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். காது மட்டும் எரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவும் சித்தியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான். சித்தியை டிசைன் செக்‌ஷனிலிருந்து தூக்கி நூலகத்தில் போட்டார்கள். அவள் பகல் இடைவேளைகளில் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் பழைய டிராயிங் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாளாம். அது என் மேஜை, வேறு ஆளைப் போட்டால் அவரிடம் சொல்லிவிட்டு உட்காருவேன் என்றாளாம். யாரையும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு மேனேஜர் வருவது நின்றுபோயிற்று.

எனக்கு வந்த சோதனை வேறு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை ஃப்யூஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாடப் போனால் ஃப்யூஸ் வந்துட்டா, லைட் போயிடும் என்பார்கள். சண்டைக்குப் போய், முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவேன். பெரியவர்களும் விடவில்லை. பால்காரர் முதல் எதிர்வீட்டு மாமி வரை என்னைக் கண்டால் ஒரு சிரிப்பு. எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன். நான் ஒன்றும் பண்ணவில்லை.

சீதாப்பழக் காலம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் சலீம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தி வாசலுக்குப் போய், உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. கட்டுப் பிரித்த வலது கையில் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார். அந்த அதிகாரி ஊருக்குப் போய், குண்டுப் பின் ஒல்லிப் பின் ப்ளக்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். புது டிராயிங் தயாராகிறதாம். அதில் சித்தியின் பெயர் இருக்காது என்றும் சொன்னார். தெரியும், கேட்டு வாங்கிக்கொள்கிறேன், அதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றாள் சித்தி. அப்பா உள்ளறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பும் சத்தம் வரவில்லை.

பிறகு சலீம் என்னைப் பார்த்தார். இவளா என்று சித்தியிடம் கேட்டார். இவள்தான். அவர் என் உயரத்துக்குக் குனிந்து, என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். உதடு சிரிக்கிற மாதிரி இருந்தது. இதோ, இவரும் ஃப்யூஸ் என்று சொல்லப்போகிறார் என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், ஊருக்கெல்லாம் சொல்லும் பதிலை அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன்.

"மை குச் நை கரா."

அவர் தலையாட்டினார். "ஹவ், பேட்டி" என்றார், ஆமாம் மகளே என்று. குரல் ஒரு மாதிரி இருந்தது. "மை பீ குச் நை கரா."

நானும் ஒன்றும் பண்ணவில்லை. என் பேச்சை எனக்கே திருப்பிச் சொல்லிக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடி, அவர் முகத்துக்கு நேரே கதவை ஓங்கிச் சாத்தினேன்.