கரிக்கும் வயல்

எங்கள் தீவில், துறைமுகத்துக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் படகிறங்கி, எங்கள் பழைய நெல் கொட்டகையைப் படமெடுக்கப் போனேன். கடல் ஏறிய வயலில் அது முழங்காலளவு நீரில் நின்றது. உப்புச் சேற்றின் வாடையில் மறுபடி சிறுமியாகிவிட்டேன்.

கடலோர மண்கரை கசிந்திருக்குமோ என்று அப்பா தினமும் காலையில் வயல் நீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். உப்பில்லாத நல்ல தண்ணீர் என்றால், "மீட்டா ஹை, தாதா!" என்று பக்கத்து வயல் வங்காளி அண்ணனிடம் இந்தியில் உற்சாகமாகக் கத்துவார். சுனாமியில் நிலம் தாழ்ந்து கடல் புகுந்த பிறகும் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கரிக்குது" என்பார் அம்மாவிடம். சில மழைக்காலங்கள் காத்திருந்துவிட்டு நகரத்தில் ஷாதிபூருக்குக் குடிவந்தோம்.

வீடு திரும்பி, கேமராவை அப்பாவிடம் கொடுத்துப் படத்தைக் காட்டினேன். கொட்டகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தியா, பாப்பா?"

"பாத்தேம்பா. கரிக்குது."

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.