ஒலிக்காரிக்கு விழாத நிழல்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் மசியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நகக்கண்ணில் கறுப்பு மசி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ‘இருட்டுக் குழு’ படக்கதையை முதல் இதழிலிருந்தே வரைந்தவர் அவர். பேய் நடமாட்டம் என்று யாராவது புகார் சொன்னால் போய் விசாரிக்கும் மூன்று பேரின் கதை அது: தாடி டாக்டர், எந்தக் கதவையும் திறக்கும் பூட்டுக்காரன், ஒலிப்பதிவுக் கருவியோடு இருட்டில் காத்திருக்கும் ஒலிக்காரி. வரைந்த பக்கங்களைப் பத்திரப்படுத்துவது என் வேலை.

மசியண்ணனுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. “பேய் வந்தா மொதல்ல நம்ம முதலாளியைப் பாக்கட்டும். அதுவே பயந்து ஓடிடும்” என்பார்.

அச்சு இயந்திரத்துக்கு நேர் மேலே அவர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்த அறையிலேயே தலை நரைத்துவிட்டது. ஒருவழியாக முதலாளி தொடரை நிறுத்தச் சம்மதித்தார். அண்ணனும் அண்ணியும் கடலோரத்தில் வீடு பார்த்தார்கள். அங்குள்ள காட்சிசாலையில் மீன்களை வரையும் வேலையும் கிடைத்தது.

“மீன் பேசாது. வசனத்துக்கு இடம் விட வேண்டாம்” என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்தக் கதையில் உயிருள்ளவர்களுக்கு நிழல் உண்டு, செத்தவர்களுக்குக் கிடையாது. வாசகர்களுக்கு இது அத்துப்படி. அண்ணன் ஆட்களை வரைந்து முடித்த பிறகுதான் நிழல்களை இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டு வருவார். கடைசி இதழின் கடைசிப் படத்தில் மூவரும் தங்கள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுத் தெருவில் நிற்கிறார்கள். டாக்டருக்கும் பூட்டுக்காரனுக்கும் நிழல் போட்டாயிற்று. அப்போது கடலோர வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார், சாவி விஷயமாக. பேசிவிட்டு வந்த அண்ணன் மசி காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தார். பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இதழ் வெளிவந்ததும் தொலைபேசி ஓயவில்லை. ஒலிக்காரி எப்போது செத்தாள்? இத்தனை நாள் குழுவோடு திரிந்தது ஆவியா? முதலாளி தலைகால் புரியாமல் மாடியேறி வந்தார்.

“என்ன மூளைங்க உங்களுக்கு! எங்கிட்டகூட மூச்சு விடலையே!”

“நிழல் போட மறந்துட்டேன் முதலாளி.”

“அதை வெளியில சொல்லித் தொலைக்காதீங்க. அவ எப்படிச் செத்தான்னு மட்டும் வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க.”

தொடர் நிற்கப்போகிறது என்று வேறு வேலை தேடிக்கொண்டிருந்த அச்சுக்காரர்கள் தேநீரோடு வந்தார்கள். “வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே” என்றார் அவர்களில் மூத்தவர். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தேநீரை வாங்கிக்கொண்டார்.

ஒரே கதையில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் பழைய கதைகளில் எல்லாம் அவளுக்கு நிழல் இருந்தது. அப்படியானால் அது யாருடைய நிழல்? அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தால், அந்தப் பதிலே இன்னொரு கதை கேட்டது.

அண்ணி ஒருநாள் அறை வாசலில் வந்து நின்றார்.

“சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. லாரி நிக்குது. எந்திரிங்க.”

“நீ முன்னாடி போ. இவ எப்போ செத்தான்னு முடிவு பண்ணிட்டு வந்துடறேன்.”

“நான் சாகறதுக்குள்ளயாவது முடிவு பண்ணுவீங்களா?”

“வாயைக் கழுவு.”

“கதவைத் திறந்து வெச்சுட்டுப் போறேன். கொஞ்சம் காத்தாவது வரட்டும்.”

அண்ணி இறங்கிப் போனார். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது. சத்தம் தாங்காமல் அண்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடலோர வீட்டுக்கு அவர் கடைசிவரை விருந்தாளியாகத்தான் போய்வந்தார்.