இருபதாம் எண்ணில் இரண்டு பேர்

என் நாத்தனார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தபோது, ஒரு தீர்ப்பை நீதிபதி வாயைத் திறப்பதற்கு முன்பே அடித்து முடித்துவிட்டாள். அவர் அதை வாங்கிப் பார்த்துத்தான் வாசித்தார். சரி, இது கொஞ்சம் அதிகம். அவர் வாயைத் திறந்த பிறகுதான் அடித்தாள். ஆனால் அவர் வாயை மூடும்போது இவள் கையும் நின்றிருக்கும், அதில் பொய் இல்லை. இருபத்தாறு வருஷம் அப்படி அடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஐம்பத்தொன்பது வயதாகிறது. என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், இன்னும் அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

எங்கள் வீட்டுப் பின்னறைதான் இப்போது அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, முதுகைச் சாயவிடாத ஒரு நாற்காலி, ஒரு பழைய லேப்டாப். வாரத்தில் மூன்று நாள் பதினொரு மணிக்கு, ஒரு சட்டக் கல்லூரி வகுப்பு இணையம் வழியாக அவள் காதுக்கு வரும். பேராசிரியர் பேசப் பேச இவள் அடிப்பாள். அந்த எழுத்து, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் காது கேட்காத ஒரு மாணவியின் திரையில் வரிவரியாக ஓடும். பேராசிரியர் பாதி வார்த்தையை மென்று விழுங்குகிறவர். விழுங்கியதையும் சேர்த்து அடிக்கத் தெரிந்தவள் இவள்.

லேப்டாப்பில் லினக்ஸ். நீதிமன்றம் லினக்ஸுக்கு மாறியபோது ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் ஏசிக் காற்றுக்காகப் போனார்கள். இவள் இரண்டு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் கணினி சம்பந்தமாக எது நின்றாலும் அவள்தான் டாக்டர். வைத்தியம் ஒரே முறைதான்: அருகிலிருந்து தூரத்துக்குப் போவாள். முதலில் கறுப்புத் திரையில் ‘பிங்’ என்று அடித்து மோடத்தைக் கேட்பாள், இருக்கிறாயா என்று. அது பதில் சொன்னால், வெளியே தூரத்தில் உள்ள ஒரு கணினியை எண்ணைச் சொல்லிக் கேட்பாள். அதுவும் சொன்னால், பெயரைச் சொல்லிக் கேட்பாள். பதில் எங்கே நிற்கிறதோ அங்கே நோய். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள், மாற்றியதை நோட்டில் எழுதுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு மூன்று வாரமாக இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எழுத்து நிற்கும். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்துத் தானாக வரும், மறுபடி போகும். மோடத்தைக் கேட்டால் ஒரு தடவை பதில், மூன்று தடவை மௌனம். கல்லூரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: இனி ஒரு வகுப்பில் ஒரு நிமிஷத்துக்கு மேல் எழுத்து நின்றால், பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருளிடம் வேலையை ஒப்படைத்துவிடுவோம். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

“நான் ஒரு தடவை பிடுங்கிச் சொருகிப் பாக்கட்டுமா பாப்பா?” என்றார் என் வீட்டுக்காரர். மோடத்தின் மின்வயரைப் பிடுங்கிச் சொருகுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம்.

“கைய எடு அண்ணா. நேத்து நீ பிடுங்கினதுல நோட்டுல ஒரு பக்கம் வீணாப்போச்சு.”

அவளுக்குச் சந்தேகம் முழுக்க இணையக் கம்பெனி மேல். மூன்று புகார் எழுதிப் போட்டாள், நீதிமன்ற நடையில், பத்திக்குப் பத்தி எண் போட்டு. பயந்துபோய் லைன்காரர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் தன்னுடைய லேப்டாப்பை மோடத்தில் சொருகினார். ஒரு படம் தடையில்லாமல் ஓடியது.

“எல்லா லைட்டும் பச்சை மேடம். லைன் சுத்தமா இருக்கு.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் அறுந்துபோகுது?”

அவர் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். “லினக்ஸா? அதுக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்.”

“குழாய்ல தண்ணி வரலன்னா குடத்த மாத்தச் சொல்வீங்களா?”

“குடம் ஓட்டையா இருக்கலாம்ல மேடம்,” என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை என் நாத்தனார் வாசலில் நின்று அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் வேலை செய்தது. அவளுக்கு அறுந்துபோகும் நேரத்தில் முன்னறையில் அவள் அண்ணனின் கணினி ஒழுங்காக ஓடியது என்று நோட்டிலேயே நான்கு இடத்தில் இருந்தது. ஆக, நோய் வீட்டுக்குள். எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சாட்சிக்கூண்டில் ஏற்றாத குறையாகக் கேட்டாள்:

“இந்த மூணு வாரத்துல வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்திருக்கா?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல,” என்றேன் நானும்.

செவ்வாய்க்கிழமை. மறுநாள் வகுப்பு. பதினொரு மணிக்கு அவள் முன்னறைக் கணினியில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பை ‘பிங்’ செய்யச் சொன்னாள். லேப்டாப்புக்கு வீட்டுக்குள் ஒரு எண் உண்டு, கடைசியில் இருபது வரும். இருபது இருக்கிறாயா, இருக்கிறேன், இருக்கிறாயா, இருக்கிறேன் என்று திரையில் வரிகள் ஓடின. அது எப்போது நிற்கிறது என்று பார்க்கச் சொல்லி அண்ணனை உட்காரவைத்துவிட்டு, பின்னறைக்குப் போய், லேப்டாப்பை மோடத்தோடு இணைக்கும் கேபிளை மாற்றுவதற்காகப் பழையதைப் பிடுங்கினாள்.

“நின்னுச்சா அண்ணா?”

“இல்லையே. ஓடுதே.”

பிடுங்கிய கேபிளைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்தாள். இடையில் கொஞ்சம் தடுமாறியிருந்தது. பிறகு, இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன்.

“நான் வீட்டுலயே இல்ல,” என்றாள் மெதுவாக. “கதவத் தட்டினா ‘நான்தான்’னு உள்ளேருந்து வேற யாரோ சொல்றாங்க.”

இருபதாம் எண்ணில் இன்னொருவர் குடியிருக்கிறார். ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு கடிதத்தை இங்கே போடுவார், அடுத்த மூன்றை அங்கே போடுவார். மோடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அவள் ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தாள். டிவியை அணைத்தாள், பதில் ஓடியது. பிரிண்டரை அணைத்தாள், ஓடியது. அண்ணனின் போனைப் பிடுங்கி அணைத்தாள், ஓடியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் குற்றவாளிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்த கண்.

“அண்ணி, உங்க ரூம்ல என்ன?”

என் தலையணைக்கு அடியில், அணைக்காமல் விட்டுவந்த டேப்லெட் இருந்தது. புத்தகம் படிக்க என்று மகன் அனுப்பியது, வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அதில் சீட்டு ஆடினேன். முகம் தெரியாத நான்கு பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். அதை ‘வீட்டுக்குப் புதுசு’ என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. கேட்டால் மறந்துபோச்சு என்றுதான் சொல்வேன்.

“கலைக்களஞ்சியம் படிக்கறேன்னு சொன்னியே,” என்றார் வீட்டுக்காரர்.

“சீட்டும் ஒரு கலைதான்.”

அவள் டேப்லெட்டை அணைத்தாள். முன்னறைத் திரையில் பதில் நின்றது.

என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் லேப்டாப்பின் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“தப்பு என்னோடதுதான் அண்ணி. மூணு வருஷத்துக்கு முன்னாடி நானே இதுக்கு இருபதுன்னு நம்பர் எழுதி வச்சேன். மோடத்துகிட்ட சொல்லவே இல்ல. அது காலி நம்பர்னு நினைச்சு உங்களுக்குக் குடுத்திருக்கு. பாவம், அதுக்கென்ன தெரியும்?”

எழுதி வைத்த எண்ணை அழித்துவிட்டு, மோடம் கொடுப்பதை வாங்கிக்கொள் என்று மாற்றினாள். இரண்டு நிமிஷ வேலை. நாற்பத்தேழு என்று புது எண் வந்தது. நோட்டில், ‘காரணம்’ என்ற தலைப்புக்கு எதிரே, ‘நான்’ என்று எழுதினாள். கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று புகாரையும் திரும்பப் பெற்றாள். லைன்காரரிடம் சொல்லச் சொன்னாள், குடம் ஓட்டைதான் என்று. போனை எடுத்த பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

“நாளைக்கு வகுப்பு முடியறவரைக்கும் நான் டேப்லெட்டத் தொடமாட்டேன்,” என்றேன்.

“தொடணும். நீங்க சரியா பதினொண்ணுக்கு ஆடணும். ஆடினாத்தான் சரியாச்சான்னு எனக்குத் தெரியும்.”

புதன்கிழமை இரண்டு மணி நேரம் நான் என் அறையில் கடமையாகச் சீட்டாடினேன். மூன்று ஆட்டம் தோற்றேன். மனம் சீட்டில் இல்லை. பின்னறையில் விசைகளின் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் செய்து, இன்னும் பத்து வருஷத்துக்கு எங்களை விட்டுப் போகக் கூடாது என்று அவளிடம் கெஞ்சினார்கள்.

இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“யாரும் கெஞ்சல அண்ணி. அடுத்த பருவத்துக்கு நேர அட்டவணை அனுப்பினாங்க, அவ்வளவுதான். அப்புறம், அன்னிக்கும் ஒரு தடவை அறுந்துச்சு, நாலு நொடி. அது நிஜமாவே கம்பெனி லைன்தான். விட்டுப்போன வரி என்னன்னு வகுப்புல இருக்கற அந்தப் பொண்ணு கேட்டா, அடிச்சு அனுப்பினேன். அதையும் எழுதுங்க.”