கேட்பதற்கு முன்பே பதில்

"பிரிண்டர்ல கோளாறு ஒண்ணும் இல்ல. பேப்பர்தான் ஈரம். மத்தியானம் வந்து மாத்துறேன்" என்றபடி என் மேஜையைக் கடந்துபோகிறார், அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கேட்க நினைத்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்தாகிவிட்டது.

அவருடைய பிழைப்பே அதுதான். எங்கள் அலுவலகத்தில் ஆறு மாடி, நூற்று நாற்பது கம்ப்யூட்டர். ஒன்றில் புது சிஸ்டம் ஏற்றப் போனால் அது நச்சரித்துவிடும்: எந்த மொழி, என்ன நேரம், பழையதை அழிக்கவா, வைக்கவா? இவர் அத்தனைக்கும் முன்கூட்டியே பதில் எழுதி, ஒரு கோப்பாக, எல்லாவற்றுக்கும் தலைமையான சர்வர் கம்ப்யூட்டரில் வைத்துவிடுவார். கம்ப்யூட்டர்கள் ஒயர் வழியாக அதை வாங்கிப் படித்துக்கொண்டு தாங்களே வேலையை முடித்துக்கொள்ளும். பட்டனைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். கை கழுவி வருவதற்குள் ஒரு மாடி முடிந்திருக்கும். "மனுஷன் கை பட்டா கெட்டுச்சு" என்பது அவர் கொள்கை.

அவர் மனைவியை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. ரெண்டு பேருக்கும் சேத்து இவரே பதில் சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றார். புகாரா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போன வருஷம் அந்தக் கோப்பில் அவர் கையால் ஓர் எழுத்து பிசகியது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. அழிக்க வேண்டியது என்னுடையதை. அழிந்தது பக்கத்து மேஜை டெலிபோன் அக்காவுடையது. அக்காவின் கணவர் இறந்து அப்போது நான்கு மாதம். பழுதாகிப்போன செல்போனிலிருந்து அவருடைய குரல் பதிவுகளை அக்கா அதில்தான் ஏற்றி வைத்திருந்தார். வேறெங்கும் இல்லை. சர்வர்காரர் இரண்டு நாள் தலைகீழாக நின்று பார்த்தார். ஒரு சொல்கூடத் திரும்பவில்லை. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். "அழிக்கிறதுக்கு முன்னாடி அது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அன்று மாலையே கோப்பில் ஒரு கேள்வி சேர்ந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேலையைத் தொடங்கும் முன் நின்று, 'இதில் உள்ளதெல்லாம் போய்விடும். அழிக்கலாமா?' என்று கேட்கும். ஆள் வந்து விசையைத் தட்டும்வரை அசையாது. தட்டுவதற்காக இவர் மாடி மாடியாக ஏறி இறங்கினார். அரை நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நேற்றுக் காலை மேனேஜர் சர்வர் அறை வாசலுக்கே வந்துவிட்டார். மாலைக்குள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது சிஸ்டம் ஏறியாக வேண்டுமாம்.

"தானா நடக்கணும்னுதானே சர்வர் வாங்குனோம்? நடுவுல என்ன கேள்வி வேண்டிக் கிடக்கு?"

"சார், ஒரே ஒரு தடவதான்..."

"எடுங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, முடியுறவரப் பாத்துக்கிறேன்."

சர்வர்காரர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை எடுத்தார். மேனேஜர் திருப்தியாகப் போனார்.

ஆனால் சர்வர்காரர் பட்டனைத் தட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினார். ஒவ்வொரு மேஜையாக நின்று தன் வாயாலேயே கேட்டார்: "இதுல இருக்கிறதெல்லாம் போயிடும். அழிக்கலாமா?" மூன்றாம் மாடிக்கு வர மத்தியானம் மூன்றாகிவிட்டது. "அழிங்க சார், உருப்படியா ஒண்ணும் இல்ல" என்றேன் நான். "பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அங்கேயே நின்றார். பார்த்துவிட்டுச் சொன்னேன்.

அடுத்து அக்கா. அவருடைய கம்ப்யூட்டரில் இப்போது டெலிபோன் எண்களைத் தவிர எதுவும் இல்லை என்பது எங்கள் மாடிக்கே தெரியும்.

"அக்கா, அழிக்கலாமா?" என்று கேட்டார் சர்வர்காரர்.

அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தார். "இரு தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்" என்று கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார்.

சர்வர்காரரின் செல்போன் அடித்தது. மேனேஜர். இவர் எடுக்காமல் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.