டயருக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய்

ஒரு வாகனத்தின் டயர்களுக்கு நான் என் கையாலேயே தேங்காயெண்ணெய் தேய்த்திருக்கிறேன். இதை நீங்கள் வேறு யாரிடமாவது கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. அந்தக் காலத்தில் மாத்தளை டவுனில் இருந்தவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈர மண்ணில் குந்தியிருந்து, டயரின் வெட்டுகளுக்குள் விரலை விட்டு இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். என் சொந்தத் தலைக்கு நான் அவ்வளவு அக்கறையாக எண்ணெய் வைத்ததில்லை. வைத்திருந்தால் இன்று சீப்புக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்கிய மனிதன், மூன்று பாஷையில் புத்தகம் படிக்கிறவன் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு வெள்ளைக்காரத் தொரை இருந்தார். ஒரு பழைய லொறியின் சேசிஸ் மேல் பலகையும் தகரமும் வைத்து அறை கட்டி, அதற்குள் கட்டில், அலுமாரி, மண்ணெண்ணெய் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி எல்லாம் பூட்டியிருந்தார். லீவு வந்தால் மனைவியோடு அதில் ஏறிக் கடற்கரைக்குப் போய் அதிலேயே படுத்து எழும்புவார். அவருடைய ஊரில் இதற்கு மோட்டார் வீடு என்று பெயராம். எங்கள் தெருவில் கோழிக்கூடு என்றார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் தொரை கப்பலுக்கு ஆயத்தமானார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் நான் விடைபெறப் போயிருந்தேன். கையை வீசிக்கொண்டு போனவன் வண்டியோடு திரும்பி வந்தேன். எப்படி என்று இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. அவர் தமிழில் பேசினார், நான் இங்கிலீசில் பதில் சொன்னேன், நடுவில் எங்கேயோ வியாபாரம் முடிந்துவிட்டது.

என் மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வண்டிக்குள் ஏறி, கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். அடுப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு, "இதுல தலவிலுக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

தலவில் என்பது புத்தளத்துக்கு அப்பால், கடலோரத்தில் இருக்கும் புனித அன்னம்மாளின் வேதக்கோயில். ஒவ்வொரு மார்ச் மாதமும் திருவிழாவுக்குப் போவோம். போனால் என் மனைவியின் அக்கா தங்கும் தென்னங்கிடுகுக் கொட்டிலில்தான் எங்களுக்கும் பாய். அக்காவின் புருசன், அதாவது என் சகலன், எல்கடுவையில் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர். தோட்டத்து லொறி, தோட்டத்துக் கொட்டில், தோட்டத்துப் பாத்திரம். அக்கா பாயில் சாய்ந்துகொண்டு வருகிறவர்களை விசாரிப்பாள். தங்கச்சி அடுப்படியில் வெங்காயம் உரிப்பாள். இதில் யார்மேலும் கோபம் கிடையாது, அப்படியே பழகிப்போன ஒன்று. ஆனால் அன்று என் மனைவி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "இந்தத் தடவ அக்கா நம்ம வீட்டுக்கு வந்து இருக்கட்டும். அவ கட்டில்ல உக்காரட்டும், நான் சமைச்சுக் குடுக்கிறேன். வெங்காயம் உரிச்சாலும் நம்ம வீட்டு வெங்காயமா இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரமே ஜன்னல்களுக்குப் பூப்போட்ட சீட்டித்துணியில் திரை தைத்துவிட்டாள். அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள். அக்கா தோட்டத்து லொறியில் தனக்கு வைத்திருந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று பதில் வந்தது. ஆக, மார்ச் மாதம் அந்த வண்டி ஓடியே ஆக வேண்டும்.

அதற்கு முன் மழைக்காலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பெற்றோல் விற்ற விலையில் வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு திரிய முடியாது. ஐப்பசி மழை தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னால், கொக்கோ மரங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டேன். என் பயமெல்லாம் டயரைப் பற்றித்தான். இறக்குமதி நின்றுபோய், டயர் என்பது மனு, சிபாரிசு, வரிசை என்ற மூன்று மலைகளுக்கு அப்பால் இருந்த காலம் அது. அதுவும் இந்த லொறியின் அளவு யாரிடமும் இல்லாத அளவு. இருக்கிற டயர் போனால் வண்டி போனது என்று அர்த்தம்.

அலுமாரிக்குள் தொரை விட்டுப்போன ஒரு இங்கிலீசுச் சஞ்சிகை கிடந்தது. அதில் பனிக்காலத்தில் மோட்டார் வீட்டை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது டயர்களைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை. மாத்தளையில் பனி விழுந்தால் உலகம் முடியப்போகிறது என்றுதான் பொருள். இருந்தாலும் அச்சில் வந்ததை மதித்தே பழகியவன் நான். சவர்க்காரம் போட்டுக் கழுவு. காற்றை நிறைய அடி. ஒரே இடத்தில் பாரம் தங்கினால் டயர் சப்பையாகிவிடும், ஆகவே வண்டியைத் தூக்கிக் கட்டையில் நிறுத்து. வெயில் படாமல் மூடு. பெற்றோலியம் சேர்ந்த எண்ணெய் எதையும் பூசாதே. இவ்வளவுதான். எந்த மடையனும் செய்யக்கூடியது. எனக்குப் படிப்பு இருந்ததால்தான் முடியவில்லை.

பெற்றோலியம் சேர்ந்த எண்ணெயைப் பூசாதே என்றால் என்ன பொருள்? மற்ற எண்ணெயைப் பூசலாம் என்றுதானே? இல்லாவிட்டால் 'எண்ணெய் பூசாதே' என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பானே. பழைய உரைகளைப் படித்துப் படித்து வந்த வியாதி இது. ஒரு சொல் கூடுதலாகக் கிடந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் சில்லறைக்கடை வைத்திருந்த நானாவிடம் இந்த வியாக்கியானத்தைச் சொன்னேன். பரம்பரை பரம்பரையாக மாத்தளையில் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். கொப்பறா வாங்கி, எண்ணெய் ஆட்டி, புண்ணாக்கும் விற்றார்கள்.

"சரியாத்தான் செல்றீங்க மாஸ்டர்," என்றார் நானா. "காலு வெடிச்சா என்னத்தப் பூசுற? தேங்காயெண்ண. கதவு கிறீச்சிட்டா? தேங்காயெண்ண. தையல் மெசினுக்கும் அதுதானே. ரப்பரும் ஒரு தோலுதான். காஞ்சாத்தான் வெடிக்கும்."

"அப்ப பூசலாம் என்கிறீங்க?"

"போத்தலக் கொண்டாங்கோ. புதுசா ஆட்டினது ஈக்குது."

வெயில் படாமல் மூட ஏதாவது வேண்டும் என்றேன். வெறும் சாக்குகளை அள்ளிக் கொடுத்தார். புண்ணாக்கு வந்த சாக்குகள். உதறினால் மணந்தன. பசுமாடு ஒன்று என்னைத் தொடர்ந்து வீட்டு வாசல்வரை வந்தது. அந்த மாட்டுக்கு இருந்த சிந்தனை எனக்கு இருக்கவில்லை.

சில்லுகளைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம் என்று பார்த்தேன். தொரையின் காலத்து நட்டுகள், ஒன்றும் அசையவில்லை. ஆகவே ஜாக் போட்டு வண்டியைத் தூக்கி, பலா மரக் குற்றிகளை அச்சுக்கு அடியில் கொடுத்து நிறுத்தினேன். கழுவினேன், காயவைத்தேன், எண்ணெய் தேய்த்தேன், சாக்கைப் போர்த்திக் கயிற்றால் கட்டினேன். என் மனைவி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, தாளிக்கவும் கொஞ்சம் வெப்பீங்களா?" என்றாள்.

அதன்பிறகு பெய்ததே மழை. குற்றி மண்ணுக்குள் இறங்கும், வண்டி ஒரு பக்கம் சாயும். நான் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் ஜாக் போடுவேன். ஒரு மூலையைத் தூக்கினால் எதிர்மூலை இறங்கும். அதைத் தூக்கினால் இது கோபித்துக்கொள்ளும். காற்று குறையக்கூடாதே என்று கால்பம்பால் மிதிப்பேன். சாக்கின் வாயை விலக்கி வால்வைத் தேடிப் பிடித்து மிதித்துவிட்டுத் திரும்பவும் இறுக்கிக் கட்டிவிடுவேனே ஒழிய, உள்ளே டயர் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. வெளிச்சம் பட்டுவிடுமாம். ரப்பர் விளையும் நாட்டில் பிறந்து, பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த நான், ரப்பருக்கு வெளிச்சம் ஆகாது என்று பனிநாட்டுக்காரன் சொன்னதை நம்பி மூடுபல்லக்கு மாதிரி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி பிந்திப்போனேன். காரணம் கேட்ட தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதை நம்பாமல் பொய்யாக வேறு காரணம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

சாக்குகளுக்கு உள்ளே வேறு ஒரு குடும்பம் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தது.

திருவிழாவுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கும்போது, வெயில் காய்ந்த ஒரு காலையில், மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தி, திரைச்சீலை திறப்பவன் போல முதலாவது சாக்கை இழுத்தேன். கொழுத்த பெருச்சாளி ஒன்று வெளியே வந்து எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் கொக்கோ மரத்தடிக்கு நடந்தது. எண்ணெய் ஊறிய இடமெல்லாம் ரப்பர் உப்பிக் களிமண் மாதிரி நெகிழ்ந்திருந்தது. பெருச்சாளிகள் பக்கச்சுவரைக் கடித்து, உள்ளே நூல் தெரிய, சில இடத்தில் நூலும் தெரியாமல் டியூப் தெரிய, வட்டமாகத் தின்றிருந்தன. ஒவ்வொரு சாக்காக இழுத்தேன். எல்லாம் அதே கதை. எண்ணெய் பூச மறந்துபோன ஸ்பேர் டயர் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி முழுசாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் எரிந்தது.

நானாவைக் கூட்டிவந்தேன். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். தாடியைத் தடவினார்.

"டயரத் தின்ட எலிய நான் கண்டதில்ல மாஸ்டர்."

"நானா, இப்ப என்ன செய்யிறது?"

"அது தெரியா. ஆனா ஒன்டு வெளங்குது. நம்மட எண்ணயில கலப்படம் இல்ல."

டவுனில் டயர் ஒட்டுகிற பாஸ், கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம், வந்து பார்த்தார். முதலில் ஒட்டலாம் என்றார், பிறகு ஒட்டினால் நிற்காது என்றார், பிறகு வைக்கோலை அடைத்து ஓட்டிய ஒருவனைத் தனக்குத் தெரியும் என்றார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கலேவெலயில் ஒரு பழைய லொறி கிடக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ்ஸில் போனேன். லொறி கிடந்தது உண்மை. டயர்களை யாரோ எனக்கு முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சியிருந்த சேசிஸில் ஒரு பெண் மிளகாய் காயப்போட்டிருந்தாள். வேறொரு இடத்தில் அளவு சரியில்லை. இன்னொரு இடத்தில் ஆளே இல்லை.

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். வண்டிக்குள் போய், திரைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு நின்றாள். "அக்கா லொறில எடத்த விட்டுட்டாளே," என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வந்தாள். எல்கடுவையிலிருந்து பஸ்ஸில், ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, புதுப் பாய் சகிதம். சகலனுக்குத் தேயிலைக் கொழுந்து மும்முரம், லீவு இல்லை. நான் வாசலிலேயே மறித்து, டயர் வரலாறு முழுவதையும் ஒப்புவித்தேன். அக்கா சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுடைய முகத்தில் எதுவும் தெரியவில்லை. தோட்டத்து ஆபீசில் கங்காணிமார் சாட்டுச் சொல்லும்போது சகலன் வைத்திருக்கும் முகம் அது.

"வண்டி எங்க?" என்றாள்.

கொக்கோ மரத்தடியில் அது பலாக் குற்றிகளின்மேல் நின்றது. மழையோடு நான் நடத்திய யுத்தத்தின் பலனாக, அந்த ஒரு நாள்தான் அது நாலு பக்கமும் நேராக நின்றது. என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அக்கா, உள்ளுக்கு வா. ஏறு. சாப்பாடு ரெடி."

நான் திகைத்துப்போனேன். குசினியில் இருந்த சட்டி பானையெல்லாம் எப்போது அங்கே ஏறியது என்று தெரியவில்லை. அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அந்தச் சின்ன அடுப்பிலேயே அப்பளம் பொரித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அக்கா கை கழுவ எழும்பினாள். "இரு அக்கா, இங்கேயே இருக்கு" என்று என் மனைவி தொட்டியைக் காட்டினாள். தண்ணீர் குழாயால் இறங்கி என் காலில் விழுந்தது. உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் நான் வெளியே, பெருச்சாளி போன பாதையில், தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். பூப்போட்ட திரைக்குப் பின்னால் அக்கா இரண்டாந்தரம் சோறு கேட்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் பஸ்ஸில் புறப்பட்டோம். குருநாகலில் ஒன்று மாறி, புத்தளத்தில் ஒன்று மாறி, பாதி தூரம் நின்றபடி. என் மடியில் அந்தப் புதுப் பாய். போய்ச் சேர்ந்து, தோட்டத்துக் கொட்டிலிலேயே மறுபடியும் தலையை நுழைத்தோம். என் மனைவி பழக்கத்தில் அடுப்படிக்குப் போய் வெங்காயச் சாக்கைப் பிடித்தாள். அக்கா அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீ உக்காரு. நேத்து நான் ஒன் வீட்டுல தின்னேன், இன்னைக்கு நீ என் வீட்டுல தின்னு" என்று சொல்லிவிட்டுத் தானே உரிக்க உட்கார்ந்தாள்.

அப்போதுதான் லொறியில் முன்னமே வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏங்கம்மா, தங்கச்சி வீட்டுக்காரரு வண்டியிலதான வர்றதா சொன்னீங்க? வரலீங்களா?" என்று கேட்டார்கள்.

அக்கா வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வராம என்ன? ஏறுனேன், கட்டில்ல உக்காந்தேன், வயிறு நெறய சாப்பிட்டேன், எறங்குனேன். ஒரு ஆட்டமில்ல, ஒரு குலுக்கலில்ல. தம்பி அவ்வளவு பத்திரமா ஓட்டுறாருடி."