வெட்டியதும் நட்டதும் நான்தான்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற எல்டர்பெரிச் செடியை வெட்டியது நான்தான். அதற்கு முன்னால் என் மனைவியை அறைந்தேன். செடியை வெட்டியதை மட்டும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அது குளிரான கேமரன் மலையிலிருந்து அவள் கொண்டுவந்து, இந்த வெயிலுக்கு நிழல் கட்டி வளர்த்த செடி. அதில் குச்சி வெட்டிப் பால் டின்களில் நட்டு வாசலில் வைத்திருந்தாள். வேலை முடிந்து டிராபிக் ஜாமில் வெந்து வந்தவன், கார் நிறுத்த இடமில்லை என்று டின்களை எட்டி உதைத்தேன்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

கை நீண்டுவிட்டது. குழாயடித் திட்டில் மோதி அவள் உதடு கிழிந்தது. அப்போதும் வெறி அடங்கவில்லை. பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் செடியை அடியோடு கொத்திப் போட்டேன். வாயில் துணியை அழுத்திக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை செமினியிலிருந்து மச்சான் வந்தார். கேட்டைத் திறந்ததும் என் மூக்கில் ஒரு குத்து.

"இன்னொரு தடவ என் தங்கச்சி மேல கை வச்சிப் பாரு லா, போலீசுக்கெல்லாம் போக மாட்டேன்!"

நான் திருப்பி அடிக்கவில்லை. திருந்தியதால் இல்லை, அவர் என்னைவிட இரண்டு மடங்கு ஆள்.

அண்ணனோடு காரில் ஏறும்போது அவள் சொன்னாள்: "வெட்டிப் போட்டீங்கல்ல, அதுல ஒரு குச்சியாச்சும் வேர் பிடிக்க வைங்க. அப்புறம் நான் வரதப் பத்திப் பேசலாம்."

முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோல நான்கைச் சொருகினேன். எல்லாம் அழுகின. இரண்டைத் தலைகீழாக நட்டிருந்தேன் என்பது பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது! வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருந்த மிச்சக் கிளைகளை ஒழுங்காக நறுக்கினேன்: குச்சிக்கு இரண்டு கணு, அடியில் சரிவாக ஒரு வெட்டு, மேலே நேராக ஒரு வெட்டு. நிழலில் வைத்துப் பிளாஸ்டிக் பை கவிழ்த்தேன். மூன்றாவது வாரம் இலை வந்தது. துள்ளிக் குதித்து அவளுக்குப் படம் அனுப்பினேன்.

"குச்சியில இருக்கிற சத்துலயே இலை வரும். வேர் வந்துச்சா?" என்று பதில் வந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வேர் வந்ததா என்று தினமும் இழுத்து இழுத்துப் பார்த்தே பாதியைக் கொன்றேன். மீதியில் இரண்டு கருகியபோது டின்னோடு சுவரில் அடித்தேன். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதைத் தொட எனக்கே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் பார்க்க வந்தாள். மச்சான் காரிலேயே இருந்தார். உதட்டில் தழும்பு தெரிந்தது. அந்த டின்னை உள்ளங்கையில் மெல்லக் கவிழ்த்தேன். மண் உதிர்ந்து, சேமியா போல வெள்ளை வேர்கள் வெளியே வந்தன.

"பாரு, பாரு!" என்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டே குச்சியைத் தூக்கினேன்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள். மச்சான் காரிலிருந்து ஓடி வந்தார். நான் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றேன். அந்த வேரை அவள் பார்க்கவே இல்லை.